வாசகரைக் காக்கப் பதிவைக் கிழித்தது குற்றமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கவுண்டி நூலகத்தில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். போன வாரம் இரண்டு ஃபெடரல் (மத்திய அரசு) அதிகாரிகள் வந்து, எங்கள் வாசகர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் என்ன படிக்கிறார், எந்தக் கணினியில் எப்போது உட்கார்ந்தார் என்று கேட்டார்கள். கையில் எந்த உத்தரவும் இல்லை. தர முடியாது என்றேன். திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பையனைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மனம் பொறுக்காமல் அன்று மாலையே அவன் பெயர் இருந்த கணினிப் பதிவுத் தாளை ஷ்ரெட்டரில் போட்டுவிட்டேன். ஒத்துழைக்கவில்லை என்று மறுநாள் இயக்குநர் மெமோ கொடுத்தார். வாசகரின் அந்தரங்கத்தைக் காத்ததற்குத் தண்டனையா? இதை எதிர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: உத்தரவில்லாமல் வந்தவர்களிடம் முடியாது என்றது சரி. 48 மாநிலங்களில் நூலகப் பதிவுகளின் ரகசியத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. இயக்குநர் மெமோ கொடுத்தது அநியாயம் என்று நீங்கள் நினைப்பது முழுக்க உண்மையாகவே இருக்கட்டும், அதனால் ஒன்றும் மாறாது. எனக்குக் கவலை தருவது ஷ்ரெட்டர் மட்டும்தான்.

ஃபெடரல் குற்றச் சட்டத்தின் 1519ஆம் பிரிவு, விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தோடு பதிவை அழிப்பவருக்கு 20 ஆண்டுகள் வரை சிறை என்கிறது. சம்மனோ வாரன்டோ கைக்கு வந்த பிறகுதான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விசாரணை வரப்போகிறது என்று எதிர்பார்த்து அழித்தாலும் போதும். உங்களிடம் ஆள் பெயரைச் சொல்லியே கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விதியை மீறிப் பிடித்த சின்ன மீன்களை, ஆதாரம் இல்லாமல் போகட்டும் என்று கடலில் வீசச் சொன்ன ஒரு மீன்பிடிப் படகின் கேப்டன், மீன் என்பது தகவலைப் பதிந்து வைக்கும் பொருள் அல்ல என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் இந்தப் பிரிவிலிருந்து தப்பினார். பெயரும் நேரமும் எழுதிய தாளுக்கு அந்த வழி கிடையாது.

சரி, நூலகங்கள் பதிவுகளை அழிப்பதே இல்லையா? அழிக்கின்றன, அழிக்கவும் வேண்டும். 2003இல் கலிபோர்னியாவின் சாந்தா குருஸ் நூலகங்கள் இப்படிப்பட்ட தாள்களை அன்றன்றே ஷ்ரெட்டரில் போட்டன. யாரும் வந்து கேட்பதற்கு முன்பே, எல்லார் தாளையும், அன்றாட வழக்கமாக. நீங்கள் கேட்ட பிறகு, ஒருவருக்காகச் செய்தீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது அதுதான். 2005இல் கனெக்டிகட்டில் நான்கு நூலகர்களிடம் எஃப்.பி.ஐ. ஒரு கணினியின் 45 நிமிடப் பயன்பாட்டுக்கான பதிவைக் கேட்டது. அதைப் பற்றி வெளியே வாய் திறக்கவும் தடை போட்டது. அவர்கள் எதையும் அழிக்கவில்லை. நீதிமன்றம் போனார்கள். 2006இல் அரசு தடையையும் கைவிட்டது, கோரிக்கையையும் கைவிட்டது. பதிவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு தர மறுத்தால்தான் வாசகருக்காகச் சண்டை போட முடியும்.

இனி, வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் விழுந்த குழிகளைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் அவற்றின் ஓரத்தில்தான் நிற்கிறீர்கள். முதல் குழி, நூலகத்தின் வக்கீல். அவர் அன்பாகக் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்பார். நம்மவர்தானே என்று எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். அவர் உங்கள் வக்கீல் இல்லை. நீங்கள் சொன்னதை ரகசியமாக வைப்பதா, வெளியே கொடுப்பதா என்று முடிவு செய்வது நூலகம். அடுத்தது பொய். அதிகாரிகள் மறுபடி வரும்போது "அப்படி ஒரு தாளே கிடையாது" என்று சொன்னால், 1001ஆம் பிரிவின்படி அதுவே தனிக் குற்றம், 5 ஆண்டுகள் வரை. பொய் சொல்ல வேண்டாம், பேசவும் வேண்டாம். "என் வக்கீலிடம் கேளுங்கள்" என்பது போதும். தினமும் தாளை அழிக்க வேண்டும் என்ற எழுத்துபூர்வ விதி உங்கள் நூலகத்தில் ஏற்கெனவே இருந்து, நூலகம் மூடும் நேரத்தில் மற்ற தாள்களும் சேர்ந்து போயிருந்தால் உங்கள் நிலைமை நிறைய மாறும். ஆனால் அப்படி ஒரு விதியைப் பழைய தேதி போட்டு இப்போது உருவாக்க நினைக்காதீர்கள். ஒருவர் அதைச் செய்து, தப்பியிருக்க வேண்டிய வழக்கில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். கணினி மென்பொருளில் அந்த நேரப் பதிவு இன்னும் இருக்கலாம். அதைத் தொடவே வேண்டாம்.

இப்போது மெமோ. வழக்கு வேண்டாம், மேல்முறையீடும் வேண்டாம். எதிர்த்தால் அன்று மாலை என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று உங்கள் கைப்பட எழுத வேண்டி வரும். அரசு வக்கீல் நிரூபிக்க வேண்டிய நோக்கத்தை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், விளக்கம் கொடுக்காதீர்கள். கசப்பாகத்தான் இருக்கும். கோப்பில் கிடக்கிற ஒரு மெமோவோடு ஓய்வு வரை வேலை பார்த்துவிடலாம்.

நாளைக்கே ஃபெடரல் குற்ற வழக்குகள் நடத்தும் வக்கீல் ஒருவரை உங்கள் சொந்தச் செலவில் பாருங்கள். அவரிடம் மட்டும் முழுதாகச் சொல்லுங்கள். அதுவரை உடன் வேலை செய்பவர்களுக்கு இதைப் பற்றி மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ போகக் கூடாது. அந்தப் பையனிடமும் பேச வேண்டாம். அவனுக்கு எச்சரிக்கை சொல்லத்தான் மனம் துடிக்கும், புரிகிறது. அதைச் சொல்லலாமா கூடாதா என்பதையும் அந்த வக்கீலே முடிவு செய்யட்டும்.