கேள்வி கேட்கிறது இன்ஸ்டாலர், பதில் சொல்ல ஆளில்லை

கேள்வி: எங்கள் பாலிடெக்னிக் லேபில் 30 உபுண்டு கணினிகள். மென்பொருள் நிறுவ ஒரு பேஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் கோப்பு) எழுதினேன். தொடக்கத்திலேயே ரீட் கட்டளை "கணினி எண் என்ன?" என்று கேட்கும். கோப்பாகச் சேமித்து ஓட்டினால் ஒழுங்காக நிற்கிறது. லேப் சர்வரிலிருந்து கர்ல் என்ற இறக்கும் கட்டளை மூலம் எடுத்து, சேமிக்காமல் நேரே பேஷுக்கு அனுப்பினால் (பைப் செய்தால்) நிற்காமல் ஓடிவிடுகிறது. அப்புறம், பேக்கேஜ் கிடைக்கவில்லை என்று ஏப்டி (உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) திட்டுகிறது. ஏன்?
– வாசகர், திண்டுக்கல்

ரீட்டுக்கு அடுத்த வரியில் "ஏப்டி அப்டேட்" இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். கணினி எண் எந்த மாறியில் விழுகிறதோ அதை எக்கோ செய்து பாருங்கள். 17 என்று இருக்க வேண்டிய இடத்தில் "ஏப்டி அப்டேட்" என்ற வரி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

பைப் செய்யும்போது உங்கள் ஸ்கிரிப்டே பேஷின் உள்ளீடு. பேஷ் அதை வரி வரியாகப் படித்துக்கொண்டே போகிறது. நடுவில் ரீட் வந்து "உள்ளீட்டில் அடுத்த வரியைக் கொடு" என்கிறது. உள்ளீட்டில் இருப்பது விசைப்பலகை இல்லையே, ஸ்கிரிப்டின் மிச்சம்தானே! அடுத்த வரியை ரீட் விழுங்கிவிட்டது. அதனால் அப்டேட் நடக்கவேயில்லை. புதுக் கணினியில் பேக்கேஜ் பட்டியல் இல்லாததால்தான் ஏப்டி திட்டுகிறது.

ரீட் வரியின் கடைசியில் ஒரு "லெஸ் தன்" குறி போட்டு, ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் டிடிஒய் என்று சேருங்கள். உள்ளீடு எங்கிருந்து வந்தாலும் ரீட் நேரே டெர்மினலிடம் போய்க் கேட்கும். ஆனால் இதே ஸ்கிரிப்டை நாளைக்கு, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் அங்கே டெர்மினலே கிடையாது, பிழை வரும். ஆகவே முதலில் எண் ஆர்கியுமென்டாக, அதாவது ஸ்கிரிப்டை ஓட்டும் வரியிலேயே, வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மட்டும் கேளுங்கள். வெறுமனே என்டர் தட்டுகிற மாணவர்கள் எல்லா லேபிலும் உண்டு. 1 முதல் 30 வரை ஓர் எண் வரும்வரை விடாமல் கேட்க ஒரு வைல் லூப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: டாக்கர் பில்டில் (கன்டெய்னருக்கான இமேஜ் தயாரிக்கும்போது) டிஇசட்-டேட்டா என்ற நேர மண்டலப் பேக்கேஜை நிறுவும்போது "ஜியாகிராஃபிக் ஏரியா" என்று கேட்டு அப்படியே நின்றுவிடுகிறது. இன்னொரு சர்வரில் "இந்தியன்" என்று பார்த்ததும் அதைத் தேர்ந்து, வந்த பட்டியலில் நமக்குப் பக்கம் என்று மாலத்தீவைக் கொடுத்தேன். லாகில் நேரம் அரை மணி பிந்திக் காட்டுகிறது.
– வாசகி, சென்னை

சிரிக்கவில்லை, நானும் ஒருமுறை அங்கே போனவன்தான். அந்த "இந்தியன்" நம் நாடு அல்ல, இந்தியப் பெருங்கடல். மாலத்தீவு, மொரிஷியஸ் எல்லாம் அதில் வரும். மாலத்தீவு நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். நீங்கள் எடுக்க வேண்டியது ஆசியா, அதற்குள் கொல்கத்தா. சென்னையைத் தேடாதீர்கள், 1970-க்குப் பிறகு ஒரே கடிகாரத்தில் ஓடும் பகுதிக்கு ஓர் ஊர் போதும் என்பது அந்தப் பட்டியலின் வழக்கம். அந்த சர்வரில் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் டிஇசட்-டேட்டா என்று கொடுத்தால் மறுபடி கேட்கும், மாற்றிக்கொள்ளலாம்.

உங்களிடம் கேள்வி கேட்பது டெப்கான்ஃப், பேக்கேஜ்களின் நிறுவல் கேள்விகளைக் கையாளும் கருவி. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனுக்காக ஜோயி ஹெஸ் எழுதியது. அதற்கு முன்பு ஒவ்வொரு பேக்கேஜும் நிறுவலின் நடுவே தன் இஷ்டத்துக்குக் கேள்வி கேட்கும். ஒரு கல்லூரியில் 40 கணினிகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நிறுவலை ஓடவிட்டு டீ குடிக்கப் போவேன். திரும்பி வந்தால் ஏதோ ஒரு பேக்கேஜ் பாதியில் "ஆமா, இல்லையா?" என்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். டெப்கான்ஃப் வந்த பிறகு ஏப்டி பேக்கேஜ்களைப் பிரிப்பதற்கு முன்பே கேள்விகளைச் சேர்த்துக் கேட்டுவிடுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் லோ, மீடியம், ஹை, கிரிட்டிகல் என்று ஒரு தரம் உண்டு. நாமாக மாற்றாதவரை ஹைக்குக் கீழே உள்ளவற்றைக் கேட்காது.

டாக்கர் பில்டில் பதில் சொல்ல யாரும் இல்லை. டெபியன் ஃப்ரன்டெண்ட் என்ற மாறிக்கு "நான்இன்டராக்டிவ்" என்று மதிப்புக் கொடுத்து, ஏப்டி-கெட் இருக்கும் அதே வரியில் முன்னால் எழுதுங்கள். டாக்கர்ஃபைலின் என்வ் வரியில் போட வேண்டாம். அது இமேஜிலேயே தங்கிவிடும், பிறகு உள்ளே போய் எதை நிறுவினாலும் கேள்வி வராது. இன்னொன்று: வாயை மூடியதோடு விட்டால் டிஇசட்-டேட்டா யுடிசி-யை (உலகப் பொது நேரத்தை) வைத்துக்கொள்ளும், அரை மணிக்குப் பதில் ஐந்தரை மணி பிந்தும். எனவே நிறுவுவதற்கு முன்பே ஸ்லாஷ் இடிசி கோப்புறையில் உள்ள லோக்கல்டைம் என்ற லிங்க்கை ஆசியா, கொல்கத்தா கோப்புக்குத் திருப்பி வையுங்கள். டிஇசட்-டேட்டா அதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: டேட்டாபேஸ் பாஸ்வேர்டை இன்ஸ்டால் ஸ்கிரிப்டுக்கு ஆர்கியுமென்டாகக் கொடுக்கலாமா?
– வாசகர், ஓசூர்

வேண்டாம். ஸ்கிரிப்ட் ஓடும்வரை அதே கணினியில் இருக்கும் யாரும், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் அதைப் படிக்கலாம், ஷெல் ஹிஸ்டரியிலும் கிடக்கும். ரீட் மைனஸ் எஸ் போட்டு இரண்டு முறை கேட்டு ஒப்பிடுங்கள், தட்டுவது திரையில் தெரியாது. முடிந்ததும் ஒரு வெற்று எக்கோ போட மறக்காதீர்கள். என்டரும் திரைக்கு வராததால் அடுத்த செய்தி அதே வரியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.