பயிற்சிக் காலத்தில் பாதிச் சம்பளம் போதுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. சிங்கப்பூர்க் குடிமகன். கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக 3,600 வெள்ளி சம்பளத்தில் இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஓராண்டு முழுநேரத் தொழிற்பயிற்சியில் சேர ஆசை. பயிற்சிக் காலத்தில் அரசாங்கம் பாதிச் சம்பளம் தரும், வேலை தேடுவோருக்கான 6,000 வெள்ளியும் வரும், போதாததற்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று ஊதிய ஈடும் உண்டு என்கிறார் நண்பர். இவற்றில் எனக்கு எவை கிடைக்கும்? மனைவி பகுதிநேர வேலையில் 1,300 வெள்ளி கொண்டுவருகிறார். பிள்ளைகள் இருவர். சேமிப்பு 14,000 வெள்ளி. அதை முதலீடு இணைந்த காப்புறுதியில் போடச் சொல்லி முகவர் ஒருவர் வற்புறுத்துகிறார். ஊரில் அண்ணனுக்கும் அவ்வப்போது உதவ வேண்டியிருக்கிறது. வரவு செலவுப் பட்டியலையும் வங்கி அறிக்கைகளையும் இணைத்துள்ளேன். இரவில் தூக்கம் வரவில்லை.
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: நண்பர் சொன்ன மூன்றில் ஒன்றுதான் உங்களுக்கு.

2025 தொடக்கத்திலிருந்து நடப்பில் இருக்கும், அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டுத் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் பயிற்சிப் படித்தொகைக்கு நீங்கள் தகுதி பெறுகிறீர்கள். குடிமகனாக இருக்க வேண்டும், 40 வயது நிறைந்திருக்க வேண்டும், சேரும் முழுநேரப் பயிற்சி அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். மூன்றாவதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பயிற்சி நிலையத்தின் விற்பனையாளர் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். கடந்த 12 மாத வருமானத்தின் சராசரியில் 50 விழுக்காடு கிடைக்கும். மாதம் 3,000 வெள்ளிதான் உச்சவரம்பு. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து 24 மாதங்கள் வரை பெறலாம்.

வேலை தேடுவோருக்கான 6,000 வெள்ளி, ஆட்குறைப்பு போன்ற காரணத்தால் தம் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கானது. நீங்களே ராஜினாமா செய்தால் அது வராது. அந்தத் தொகையை உங்கள் பட்டியலில் ஆறு மாதங்களுக்குப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள், இன்றே அடித்துவிடுங்கள். மணிக்கு 4.50 வெள்ளி என்ற ஊதிய ஈடு, ஊழியரைச் சம்பளத்தோடு பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனத்துக்குப் போகிற பணம். அது உங்கள் கைக்கு வரவே வராது. 2024 மே மாதம் உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் சேர்ந்த 4,000 வெள்ளியும் பயிற்சிக் கட்டணத்துக்கு மட்டுமே. ரொக்கமாக எடுக்க முடியாது.

ஆக, தோராயமாக மாதம் 1,800 வெள்ளி. பாதிதானே என்று பயப்படுகிறீர்கள். ஆனால் இன்றைக்கும் 3,600 முழுவதும் உங்கள் கைக்கு வருவதில்லை. கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு (மசேநி) 20 விழுக்காடு போக 2,880தான் வருகிறது. கையில் குறையப்போவது 1,080 வெள்ளி. அதே சமயம் மசேநி பக்கம் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் வயதில், முதலாளி போடும் பங்கும் சேர்ந்து, சம்பளத்தின் 21 விழுக்காடு, அதாவது 756 வெள்ளி, மாதாமாதம் மசேநியின் சாதாரணக் கணக்கில் விழுகிறது. வேலையை விட்டால் அது நின்றுவிடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டுக் கடன் தவணை 820 வெள்ளியோ அதே கணக்கிலிருந்து தொடர்ந்து போகும். ஓராண்டுக்கு 9,840. உங்கள் இருப்பு 19,000 என்பதால் தாங்கும். இருப்பு ஐயாயிரம் ஆறாயிரம் மட்டும் உள்ளவராக இருந்தால் இந்தப் பயிற்சியே வேண்டாம் என்று எழுதியிருப்பேன்.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அது பயிற்சி அல்ல.

வீட்டுச் செலவு 2,450, தனிநபர் கடன் தவணை 575, கடன்பற்று அட்டைக்கு 240, அம்மாவுக்கு 300. மொத்தம் 3,565 வெள்ளி. வரவு இருவருக்கும் சேர்த்து 4,180. மிச்சம் 615, அதில் 600 வெள்ளியைத் தவறாமல் சேமிப்பில் போடுகிறீர்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டியலில் உங்கள் அண்ணன் எங்கே?

அவரை அட்டை அறிக்கையில் கண்டுபிடித்தேன். ஆறு மாதங்களில் ஒன்பது முறை ரொக்கம் எடுத்திருக்கிறீர்கள். ஜனவரி 12ஆம் தேதி 500 வெள்ளி. அதற்கு அடுத்த வரியிலேயே கட்டணம் 40 வெள்ளி. ஓரத்தில் பென்சிலால் சிறிதாக 'டயர்' என்று குறித்திருக்கிறீர்கள். இன்னோர் இடத்தில் 'டீசல்', மற்றோர் இடத்தில் 'டிரைவர் சம்பளம்'. ஒன்பதையும் கூட்டினால் 3,300 வெள்ளி, மாதத்துக்கு 550. எடுத்த நொடியிலேயே 8 விழுக்காடு கட்டணம் போய்விடுகிறது. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்குக் கிடையாது. அன்றே வட்டி ஓடத் தொடங்கும், அதுவும் ஆண்டுக்கு 28 விழுக்காடு அளவில். அட்டைப் பாக்கி இப்போது 7,200. வட்டி மட்டும் மாதம் 168 வெள்ளி ஆகிறது. நீங்கள் கட்டும் 240இல் அசலுக்குப் போவது 72.

மாதம் 600 வெள்ளியைச் சொற்ப வட்டிக்குச் சேமிக்கிறீர்கள். அதே மாதம் 550 வெள்ளியை 28 விழுக்காட்டுக்குக் கடன் வாங்குகிறீர்கள். சேமிப்பைத் தொட்டால் மனைவிக்குத் தெரிந்துவிடும், அட்டை என்றால் தெரியாது என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

தன் மனைவியின் நகையை அடகு வைத்து உங்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பியவர் அண்ணன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நன்றியைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் அவருடைய நெல் அறுவடை இயந்திரத்துக்காக நீங்கள் எடுத்த 24,000 வெள்ளிக் கடனில் இன்னும் 30 தவணை பாக்கி. அத்தனையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். நகைக்கடன் என்றோ தீர்ந்துவிட்டது. அந்த இயந்திரம் தன் டீசலுக்கே சம்பாதிக்கவில்லை என்றால், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு ஐந்நூறும் அவரை அந்தத் தொழிலில் இன்னும் ஒரு மாதம் சிக்கவைக்கிறது. விற்பதா வைத்திருப்பதா என்ற முடிவை அவரும் எடுக்க வேண்டும்.

இப்படியே பயிற்சியில் சேர்ந்தால் என்ன ஆகும்? வரவு 3,100, செலவு 3,565. துண்டு 465. அண்ணனுக்கான 550ஐயும் சேர்த்தால் மாதம் 1,015. ஓராண்டில் 12,000 வெள்ளிக்கு மேல். சேமிப்பு கரைந்திருக்கும், அட்டைப் பாக்கி அப்படியே நிற்கும். சான்றிதழ் கையில் வரும் நேரத்தில் மாதத்துக்கு 4 விழுக்காடு வட்டி வாங்கும் உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரின் வாசலில் நிற்பீர்கள். அந்த நிலையில் வந்த கடிதங்களை நிறையப் படித்துவிட்டேன். உங்களிடமிருந்து அப்படி ஒன்று வரக் கூடாது.

சேமிப்பிலிருந்து 7,200 எடுத்து அட்டைப் பாக்கியை முழுவதும் அடையுங்கள். அடைத்த கையோடு அட்டையை ரத்து செய்யச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். இழுப்பறையில் வைத்துக்கொள்வதெல்லாம் அண்ணனின் அடுத்த அழைப்பு வரைக்கும்தான். மாதம் 240 மிச்சமாகும். பயிற்சிக் காலத் துண்டு 225ஆகக் குறையும், ஆண்டுக்கு 2,700. மீதமுள்ள 6,800இல் அதைக் கழித்தாலும் 4,100 வெள்ளி கையிருப்பு நிற்கும். அம்மாவுக்கு அனுப்பும் 300ஐ நான் தொடவில்லை, நீங்களும் தொடாதீர்கள்.

முகவர் சொல்லும் காப்புறுதியைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஓராண்டு அரைச் சம்பளத்தில் வாழப்போகிறவரின் அவசரப் பணத்தை, முதல் சில ஆண்டுகளில் திரும்ப எடுத்தால் பெரும்பகுதி கழிந்துபோகும் திட்டத்தில் பூட்டச் சொல்வது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. அவர் மறுபடி அழைத்தால், பயிற்சி முடிந்து வேலை கிடைத்த பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள்.

அண்ணனிடம் பேசுவதுதான் கடினம். வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுவதுபோல அழையுங்கள், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "ஓராண்டுக்கு எனக்கு அரைச் சம்பளம்தான். அம்மா பணம் வரும். இயந்திரத் தவணையை நான் கட்டிவிடுகிறேன். வேறு எதுவும் என்னால் முடியாது" என்று சொல்லுங்கள். அவருக்கு வருத்தம் இருக்கும். உங்களைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவைத்தவர், நீங்கள் மேலே வருவதற்காக ஓராண்டு பொறுக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த அழைப்பைச் செய்யவே முடியாது என்றால் முழுநேரப் பயிற்சியில் சேராதீர்கள். 2026 முதல் அங்கீகரிக்கப்பட்ட பகுதிநேரப் பயிற்சிகளுக்கும் மாதம் 300 வெள்ளி படித்தொகை உண்டு. வேலையில் இருந்துகொண்டே மாலை வகுப்புக்குப் போகலாம். காலம் கூடும், சம்பளம் நிற்காது.

பேசிவிட்டீர்கள் என்றால், பயிற்சியில் இடம் எழுத்துபூர்வமாக உறுதியான பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். படித்தொகைக்கு உடனே விண்ணப்பியுங்கள். முதல் தொகை வரத் தாமதமானாலும் சமாளிக்க இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.