மதிப்பு 1,90,000 டாலர், வாங்க ஆள் எங்கே?

கேள்வி: 2022 தொடக்கத்தில் என் மைத்துனர் பேச்சைக் கேட்டு, பிறகு லாபத்துக்கு விற்கலாம் என்று டொமைன் பெயர்களில் (இணையதள முகவரிகளில்) பணம் போட ஆரம்பித்தேன். இப்போது என்னிடம் 140 பெயர்கள் உள்ளன. 50 டாட் காம், மற்ற 90 புது எக்ஸ்டென்ஷன்கள், அதாவது முகவரியின் கடைசியில் டாட் காமுக்குப் பதிலாக வரும் புது முடிவுகள். ஆன்லைன் மதிப்பீட்டுக் கருவியில் போட்டுப் பார்த்தால் மொத்தம் 1,90,000 டாலர் காட்டுகிறது. இதுவரை விற்றது இரண்டுதான், 400க்கு ஒன்று, 650க்கு ஒன்று. கிரெடிட் கார்டில் 5,200 டாலர் பாக்கி, வட்டி 24 சதவீதம். பெயர்களைக் கையில் வைத்திருக்க ஆண்டுதோறும் கட்டும் ரெனியூவல் கட்டணம் ஏறிக்கொண்டே போவதால் தனிநபர் கடன் வாங்கி ஐந்து ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்கிறார் மைத்துனர். ஒருவர் ஒரு பெயரை 8,000 டாலருக்குக் கேட்டு மெயிலும் அனுப்பியிருக்கிறார். கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மூன்று ஆண்டாக இதில் இருக்கிறீர்கள், டொமைன் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நேராகக் கணக்குக்கு வருகிறேன்.

50 டாட் காமுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 600 டாலர். மற்ற 90 பெயர்களை முதல் ஆண்டு தள்ளுபடியில் தலைக்கு 2 டாலர் கொடுத்து வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது அதே பெயர்களுக்கு சராசரியாக 30 டாலர் கேட்கிறார்கள், அது 2,700. ஆக 3,300. கார்டு வட்டி 1,250. ஒரு பெயரும் புதிதாக வாங்காமல் சும்மா இருந்தாலே ஆண்டுக்கு 4,550 டாலர் போகிறது. வரவு என்ன? இரண்டு விற்பனையிலும் கமிஷன் போக 840. மூன்று ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 280.

இந்தத் தொழிலில் பழகியவர்களே நூறு பெயர் வைத்திருந்தால் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ விற்கும் என்றுதான் கணக்குப் போடுவார்கள். அவர்கள் பொறுக்கி எடுத்த பெயர்களுக்கே அந்த விகிதம். நீங்கள் கைநஷ்டம் இல்லாமல் நிற்க, உங்களுக்குக் கிடைத்த விலையில் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு பெயர்கள் விற்க வேண்டும்.

அப்படியானால் அந்த 1,90,000? கருவி பார்ப்பது பெயரின் நீளம், அதிலுள்ள சொற்கள், எக்ஸ்டென்ஷன், அதுபோன்ற பெயர்கள் முன்பு போன விலை. வாங்க ஆள் இருக்கிறாரா என்று அதற்குத் தெரியாது. நேம்பயோ போன்ற தளங்களில் இருப்பதும் விற்ற பெயர்களின் பட்டியல்தான். அதே போன்ற சொற்களோடு பத்து ஆண்டாக விற்காமல் கிடக்கும் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் வராது. 2019-ல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குப் போனதை உங்கள் மைத்துனர் அடிக்கடி சொல்கிறாராம். உண்மைதான். ‘வாய்ஸ்’ என்ற பெயரிலேயே ஒரு சமூக வலைத்தளம் தொடங்கவிருந்த பிளாக்.ஒன் நிறுவனம் அதை வாங்கியது. விற்ற மைக்ரோஸ்ட்ராடஜி நிறுவனத்துக்கு விற்றே ஆக வேண்டிய அவசரம் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பெயரை இன்றைக்கே இன்னொரு டொமைன் வியாபாரியிடம் கொடுத்தால் என்ன தருவார்? பெரும்பாலான பெயர்களுக்கு அவர் ஒன்றும் தரமாட்டார்.

நீங்கள் அனுப்பிய பட்டியலை வரிவரியாகப் பார்த்தேன். 34 பெயர்களில் ‘மெட்டா’ இருக்கிறது. 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் பெயர் மாற்றிய சூட்டில் எல்லோரும் அள்ளிய சரக்கு. மூன்று சொல், நடுவில் ஒரு கோடு, போனில் சொன்னால் எதிரில் இருப்பவர் எழுத்துப் பிழை இல்லாமல் எழுத முடியாது. இவற்றை முதலில் புதுப்பிக்காமல் விடுங்கள். இன்னும் 11 பெயர்களில் பிரபல நிறுவனங்களின் பிராண்டே இருக்கிறது. அவற்றின் மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம் என்றே வையுங்கள். டொமைன் பெயர்களை மேற்பார்வை செய்யும் ஐகான் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த யுடிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் விதிப்படி பிராண்டுக்காரர் புகார் கொடுத்து, பைசா தராமல் பெயரை எடுத்துக்கொள்ளலாம். அவர்களிடமே விலை பேசி மெயில் அனுப்பிவிடாதீர்கள், அதையே உங்களுக்கு எதிரான ஆதாரமாகக் காட்டுவார்கள்.

கட்டணம் ஏறுவதைப் பற்றி. டாட் காம் பெயர் ஒன்றுக்குப் பதிவு நிறுவனங்கள் கொடுக்கும் மொத்த விற்பனை விலை 2021-ல் 7.85 டாலராக இருந்து, 2024 செப்டம்பரில் 10.26 ஆனது. உங்கள் 50 பெயருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறிய தொகை 120 டாலர் சொச்சம். இதற்குப் பயந்து, ஆண்டுக்கு 3,300 வீதம் ஐந்து ஆண்டுக்கு 16,500 டாலர் கடனா? புது எக்ஸ்டென்ஷன்களில் விலை உச்சவரம்பே கிடையாது, அது உண்மை. ஆனால் விற்காத பெயருக்கு ஐந்து ஆண்டு வாடகையை முன்கூட்டிக் கொடுப்பதற்கு அது காரணமாகாது.

எனக்கு மிகவும் கவலை தந்தது உங்கள் கடிதத்தில் ஓரமாக வந்த ஒரு வரி: ‘பெயரை அவர் தேர்ந்தெடுப்பார், கார்டு என்னுடையது.’ உங்கள் பணத்தைத் தின்பது இந்த ஏற்பாடுதான். அவரிடம் கோபப்பட வேண்டாம், அப்புறம் வீட்டில் வருத்தம் வரும். விடப்போகும் பெயர்களின் பட்டியலைக் கொடுத்து, ‘உங்களுக்கு நம்பிக்கை உள்ளதை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லுங்கள். ஒரே பதிவாளரிடம் (பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனத்திடம்) கணக்கு மாற்றுவது பெரும்பாலும் இலவசம். அவர் எத்தனை எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள்.

ஆட்டோ ரெனியூவலை இன்றே நிறுத்துங்கள். இரண்டு சொல் டாட் காம்களில், யாராவது கடை திறந்தால் பலகையில் எழுதக்கூடிய பன்னிரண்டை மட்டும் கைப்பணத்தில் புதுப்பியுங்கள், ஆண்டுக்கு 144 டாலர். காலாவதியான பிறகு மனம் மாறி மீட்கப் போனால் பெரிய அபராதம் கேட்பார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். ரெனியூவலில் மிச்சமாகும் பணத்தை, மாதம் 263 டாலர், கார்டுக்குக் கட்டினால் பாக்கி இரண்டு ஆண்டு சொச்சத்தில் அடையும்.

8,000 டாலர் மெயிலில், அவர் சொல்லும் தளத்தில் கட்டணம் கட்டி மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கச் சொல்லியிருக்கிறார் அல்லவா? பல ஆண்டாக நடக்கும் மோசடி அது. சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். எஸ்க்ரோவில், அதாவது பெயர் கைமாறும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் மூன்றாம் தரப்பிடம், தொகையைப் போடச் சொல்லி ஒரு வரி பதில் எழுதுங்கள். பணம் எஸ்க்ரோவில் ஏறிவிட்டதை நீங்களே உள்ளே போய்ப் பார்க்கும் வரை, அந்த 8,000-ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள்.