ஐ.சி.யூ.வில் புதிதாக வந்து சேரும் தொல்லைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பக்கவாதம் வந்த என் அப்பாவுக்கு வென்டிலேட்டர் வைத்து ஆறு நாள் ஆகிறது. இப்போது நுரையீரலில் கிருமித் தொற்று என்கிறார்கள். மருத்துவமனையிலேயே இருப்பவருக்குத் தொற்று எப்படி வந்தது?

பதில்: தொண்டைக்குள் குழாய் இருக்கும்போது, நுரையீரலின் காவலாளியான இருமல் வேலை செய்வதில்லை. மூச்சுக்குழாயில் குழாயைப் பொருத்தி நிறுத்தும் சிறிய பலூனுக்கு மேலே எச்சில் தேங்கி, அதன் மடிப்புகளின் வழியே துளித் துளியாகக் கீழே கசியும். மருத்துவமனையில் சில நாட்கள் இருந்தாலே வாயில் வாழும் கிருமிகளும் மாறிவிடும். அங்கேயே பழகி, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் குடியேறிவிடும். வென்டிலேட்டர் வைத்து 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவைத் தனி வகையாகவே நாங்கள் கணக்கில் எடுப்பது இதனால்தான். இது வந்துவிட்டாலே யாரோ அலட்சியமாக இருந்தார்கள் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் பலருக்கு இதைத் தவிர்க்க முடியும் என்பதும் உண்மை.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தி வைப்பது எல்லோரும் அறிந்த விதி. நடைமுறையில் கட்டில் உயர்ந்தே இருக்கும், நோயாளியோ மெல்லச் சறுக்கிக் கீழே போயிருப்பார். கழுத்து மட்டும் மடங்கியிருக்க, மார்பு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கும். இடுப்பு, கட்டில் மடங்கும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். அடுத்தது வாய்ச் சுத்தம். பல ஆண்டுகளாகக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தால் வாயைத் துடைத்துவந்தோம். 2022இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் அதை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றும், சாதாரணப் பிரஷ்ஷால் பல் துலக்கிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. சாதாரணமாகத் தெரியும் இந்த வேலைக்குத்தான் பல இடங்களில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, குழாயைச் சீக்கிரம் எடுப்பது. தினமும் காலையில் மயக்க மருந்தை நிறுத்தி, நோயாளியை விழிக்கவைத்து, அவராகவே மூச்சுவிட முடிகிறதா என்று சோதிக்கும் முறையை 336 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2008இல் அமெரிக்க மருத்துவர்கள் முடிவை வெளியிட்டார்கள். அதன்படி, இப்படிக் கவனிக்கப்பட்ட ஏழு பேருக்கு ஒருவர் வீதம் ஓராண்டு முடிவில் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். ஆகவே, “இன்று மயக்க மருந்தைக் குறைத்துப் பார்த்தீர்களா, டாக்டர்?” என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம். மூளை வீக்கம், வலிப்பு போன்ற காரணங்களால் குறைக்கக் கூடாத நிலையும் உண்டு. அப்படியானால் மருத்துவர் அதைச் சொல்வார்.

கேள்வி: என் கணவருக்குக் கழுத்தில் போட்டிருந்த லைனை நான்காம் நாளே எடுத்துவிட்டு, மறுபடியும் கையில் ஊசி குத்துகிறார்கள். நன்றாக இருந்த லைனை ஏன் எடுத்தார்கள்?

பதில்: எடுத்தது நல்லதே. கழுத்துச் சிரையில் போடும் அந்தக் குழாயின் முனை இதயத்தின் அருகில் இருக்கும். அதன் வழியாகக் கிருமி நுழைந்தால் நேரே இரத்தத்தில் கலந்துவிடும். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஆபத்தும் கூடவே இருக்கும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் செய்துகாட்டிய வேலையை இங்கே சொல்ல வேண்டும். கை கழுவுதல், லைன் போடும்போது நோயாளியை முழுதாகத் துணியால் மூடித் தாங்களும் கவுன், கையுறை, முகமூடி அணிதல், தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்தல், கூடியமட்டும் தொடை இடுக்கைத் தவிர்த்தல், தேவையில்லாத லைனை எடுத்துவிடுதல் என்ற ஐந்தைத்தான் அவர்கள் வற்புறுத்தினார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, ஆயிரம் லைன் நாட்களுக்கு (ஒருவருக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது ஒரு லைன் நாள்) சராசரியாக 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று, பதினெட்டு மாதங்களுக்குள் 1.4 ஆகக் குறைந்தது. இதில் புதிய மருந்தும் இல்லை, புதிய கருவியும் இல்லை. ஐந்தில் ஒன்றை மருத்துவர் தவறவிட்டால், “நிறுத்துங்கள்” என்று சொல்லும் அதிகாரத்தைச் செவிலியருக்குக் கொடுத்திருந்தார்கள். என் அனுபவத்தில் இதுதான் மிகக் கடினமான பகுதி. மூத்த மருத்துவரைத் தடுத்துப் பேச நம் ஊரில் ஓர் இளம் செவிலியருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

சிறுநீர்க் குழாய்க்கும் இதுவே பொருந்தும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில், நன்றாகத் தேறி, தானே எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்ட ஒருவருக்குக் குழாயை எடுக்க மறந்து ஐந்து நாள் விட்டுவிட்டேன். ஆறாம் நாள் குளிர் காய்ச்சலோடு இரத்தத்தில் தொற்று. பிழைத்துக்கொண்டார். அன்றுமுதல் ஒவ்வொரு கட்டிலருகிலும் குழாய்களை விரல்விட்டு எண்ணி, ஒவ்வொன்றும் இன்றைக்குத் தேவையா என்று உரக்கக் கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வில் இருக்கும் அம்மா, சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார். என்னையே யார் என்று கேட்டார். மத்தியானம் தெளிவாகப் பேசினார். ராத்திரி ட்யூபைப் பிடுங்கியதால் கையைக் கட்டியிருக்கிறார்கள். புத்தி பேதலித்துவிட்டதா?

பதில்: இல்லை. இதை டெலிரியம் என்போம். கடும் நோயில் சிறுநீரகம் தடுமாறுவதுபோல மூளை தற்காலிகமாகத் தடுமாறுகிறது. ஒரு வேளை தெளிவு, மறு வேளை குழப்பம் என்று மாறி மாறி வருவதே இதன் அடையாளம். கத்தி ரகளை செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள். கூரையைப் பார்த்தபடி பேசாமல் படுத்திருப்பவருக்கும் இதே நோய் இருக்கலாம், அவர்தான் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார்.

தொற்று, ஆக்சிஜன் குறைவு, வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை ஆகிய எதுவும் காரணமாகலாம். மிடாசோலம் போன்ற மயக்க மருந்துகளே இதைத் தூண்டவும் செய்யும். ஆனால் குடிப்பழக்கத்தைத் திடீரென நிறுத்தியதால் வரும் குழப்பத்துக்கு அந்த வகை மருந்துதான் சிகிச்சை என்பதால், அப்படி ஒரு பழக்கம் நோயாளிக்கு இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சேர்க்கும்போது நகைகளோடு கண்ணாடியையும் காது மெஷினையும் ஒரே பையில் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது நம் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. இரண்டு நாளாக யாரோடும் பேசாதிருந்த ஒரு பாட்டிக்கு, மகன் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். பாட்டி எதிரே இருந்த கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மணி நாலாச்சே, காபி குடிச்சியா?” என்று மகனைக் கேட்டார். எல்லோருக்கும் இவ்வளவு எளிதாக முடியாது. இருந்தாலும் உங்கள் அம்மாவின் கண்ணாடியை இன்றே கொண்டுபோங்கள். நாள், கிழமை, இடம் சொல்லிப் பேசுங்கள். இரவில் விளக்கைத் தணித்து, அவசியமில்லாமல் எழுப்பாமல் இருக்கும்படி கேளுங்கள். கையைக் கட்டுவது சிறிது நேரத்துக்குத் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். நீடித்தால் அதுவே பதற்றத்தைக் கூட்டும். எப்போது அவிழ்ப்பார்கள் என்றும், அவர் பிடுங்கப் பார்க்கும் குழாய் இன்னும் தேவைதானா என்றும் கேளுங்கள்.

கேள்வி: ஏர் பெட் போட்டும் முதுகில் புண் வந்துவிட்டது. பவுடர் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தேய்க்கக் கூடாது, உள்ளே ஏற்கெனவே நசுங்கிய திசு மேலும் சிதையும். காற்று மெத்தை உதவும், ஆனால் நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்கவைப்பதற்கு அது ஈடாகாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்பது வழக்கமான கணக்கு. சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அது புண்ணின் முதல் கட்டம். மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது என்பதால் சூட்டையும் கெட்டித்தன்மையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். குதிகால், பின்தலை, மூக்குக் குழாய் ஒட்டிய இடம் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பத்து நிமிடம்தான் பார்க்க விடுகிறார்கள். நாங்கள் போனால் தொற்று வருமா?

பதில்: பிரேசிலில் 36 ஐ.சி.யூ.க்களில் உறவினரை நாளுக்கு 12 மணி நேரம்வரை அனுமதித்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்த முடிவில் தொற்று கூடவில்லை. டெலிரியம் குறிப்பிடும்படி குறையவும் இல்லை. உறவினர்களின் பதற்றம் குறைந்தது. எனவே பத்து நிமிடக் கெடுபிடிக்குத் தொற்றைக் காரணம் காட்டுவது சரியல்ல என்பது என் கருத்து. ஆனால் வாசலில் செருப்பைக் கவனமாகக் கழற்றிவிட்டு, கையைச் சுத்தம் செய்யாமல் உள்ளே வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன். கிருமியைச் சுமப்பது கைதான். தொடுவதற்கு முன்பும் பின்பும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் வராதீர்கள்.

கேள்வி: வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியும் அண்ணனால் டம்ளரைத் தூக்க முடியவில்லை. இரவில் கெட்ட கனவு வேறு.

பதில்: ஐ.சி.யூ.வில் முதல் வாரத்திலேயே தசை வேகமாகக் கரையத் தொடங்கிவிடும். மறதியும் கெட்ட கனவும்கூட அங்கிருந்து தொடர்ந்து வருபவைதான். தினமும் பிசியோதெரபி, போதிய புரதம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரின் உதவி ஆகியவை வேண்டும். மாதக் கணக்கில் ஆகலாம். ஒரு கை மட்டும் தளர்ந்திருந்தாலோ, பலவீனம் கூடிக்கொண்டே போனாலோ காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள்.