மலையேற்றத்தில் பெரிய காயம் பட்டால் என்ன செய்வது?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் இரண்டு நாள் மலையேற்றம் போகிறோம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே பல மணி நேரம் ஆகும். யாருக்காவது ஆழமாக வெட்டுப்பட்டு ரத்தம் நிற்காமல் ஓடினால், கடையில் வாங்கிய முதலுதவிப் பெட்டி போதுமா?

பதில்: போதாது. அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டர், பஞ்சு, களிம்பு, தலைவலி மாத்திரை என்று சிராய்ப்புக்கு வேண்டியவைதான் பெரும்பாலும் இருக்கும். பெரியவர் ஒருவர் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். மீட்புக் குழு வரும்வரை பக்கத்தில் நிற்பவரின் கைதான் மருத்துவம்.

ஒருவர் உதவிக்கு அழைக்கட்டும். நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். முழங்கையை மடக்காமல், உங்கள் எடை முழுவதும் உள்ளங்கையில் இறங்க வேண்டும். குறைந்தது 10 நிமிடம் கையை எடுக்காதீர்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. உறைய ஆரம்பித்த ரத்தம் துணியோடு பெயர்ந்து வந்துவிடும். தொடை இடுக்கிலோ அக்குளிலோ குழி போன்ற காயம் என்றால், நீளமான காஸ் துணியை (காயத்துக்குக் கட்டும் மெல்லிய வலைத்துணி) விரலால் அடிவரை திணித்து, அப்புறம் அழுத்துங்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் எதையும் திணிக்கக் கூடாது. குத்தி நிற்கும் கம்பையோ கம்பியையோ பிடுங்காதீர்கள்.

கை கால் காயத்தில் ரத்தம் பீறிட்டாலோ அழுத்தியும் நிற்காவிட்டாலோ டூர்னிக்கெட் பட்டை வேண்டும். கை காலைச் சுற்றிக் கட்டி, அதிலுள்ள குச்சியைத் திருகி இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை அது. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே (உடம்பை நோக்கிய பக்கத்தில்), மூட்டைத் தவிர்த்துச் சுற்றி, ரத்தம் நிற்கும்வரை அதன் குச்சியைத் திருகுங்கள். வலி தாங்காமல் அவர் கத்துவார், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சுவார். மனம் இளகித் தளர்த்திவிடாதீர்கள். அரைகுறையாக இறுக்கினால், ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் சிரை மட்டும் அடைபட்டு, தமனி வழியே ரத்தம் வந்துகொண்டே இருப்பதால் ரத்தப்போக்கு கூடிவிடும். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதுங்கள். மெல்லிய கயிறும் வெறும் பெல்ட்டும் இதற்கு உதவாது. மலிவான போலிப் பட்டையில் திருகும்போதே குச்சி உடைந்துவிடும். இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

குளிரை மறந்துவிடுகிறோம். உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. அடியில் பாயோ பையோ விரித்துப் படுக்கவைத்து, மேலே போர்த்துங்கள்.

சரி, பையில் என்ன வைப்பது? டூர்னிக்கெட் 2, காஸ் சுருள்கள், அழுத்தக்கட்டுத் துணி, கையுறை, உடையை வெட்டும் கத்தரி, வெப்பக்காப்புப் போர்வை, பேனா. எல்லாம் பையின் மேலறையில், ஆறு பேருக்கும் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். பழகுவதற்கென்று தனியாக ஒரு பட்டை வாங்குங்கள். கிளம்பும் முன் ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொருவரும் ஒரே கையால் தன் மறுகையில் அதைக் கட்டிப் பாருங்கள்.