வார்டனம்மா பதில்கள்

கேள்வி: மகளுக்குக் கோவையில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. விடுதியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மூன்று பேர். கட்டில், மேசை, ஸ்டீல் பீரோ அவர்களே தருகிறார்கள். டிரங்குப் பெட்டி, பிளாஸ்டிக் அலமாரி, மெத்தை, ஷூ ஸ்டாண்ட் என்று எங்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எதை வாங்க, எதை விட?
- ஒரு அம்மா, திண்டிவனம்

பதில்: முதலில் அந்தப் பிளாஸ்டிக் அலமாரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். கணக்கு போட்டுப் பாருங்கள். அறை 120 சதுர அடி. ஆறுக்கு மூன்று கட்டில் மூன்று போட்டால் 54 போச்சு. மேசை, நாற்காலி, பீரோவுக்கு இன்னொரு 30. கதவு திறக்க இடம் விட்டால், மூன்று பெண்கள் நடமாட மிஞ்சுவது இரண்டு பாய் விரிக்கிற இடம். அதனால் கட்டிலுக்கு அடியில் போகாத, கொக்கியில் தொங்காத சாமான் எதுவானாலும் கடையிலேயே இருக்கட்டும். ஷூ ஸ்டாண்டும்தான்.

பெட்டியை மட்டும் அளந்து வாங்குங்கள். நான் 19 வருடம் வார்டனாக இருந்தேன். ஒரு ஜூலை மாதம், ஒரு அப்பா ஆசை ஆசையாகப் பெரிய டிரங்குப் பெட்டி வாங்கி மூன்று மாடி சுமந்து வந்தார். கட்டிலுக்கு அடியில் 14 அங்குலம், பெட்டியோ 16. மனிதர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தோட்டக்காரர் நாலு செங்கல் கொண்டுவந்து, கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் ஒன்றைப் படுக்கப் போட்டு, வழுக்காமல் இருக்கப் பழைய செருப்பை வெட்டி நடுவில் வைத்தார். பெட்டி உள்ளே போயிற்று. அந்தப் பெண் படிப்பு முடித்துப் போன பிறகும் செங்கல் அங்கேயே இருந்தது. அடுத்து வந்தவள் எடுக்க விடவில்லை!

மெத்தையைக் கட்டிலைப் பார்த்த பிறகு கோவையிலேயே வாங்கிக்கொள்ளலாம். அங்கே கிடைக்காத மெத்தையா? வீட்டிலிருந்து போக வேண்டியது பக்கெட், மக், போர்வை, பூட்டு. பூட்டின் இரண்டாவது சாவி உங்களிடம் இருப்பதைவிட அறைத்தோழியிடம் இருப்பது நல்லது. பக்கெட்டில் பெயரை நெயில் பாலிஷால் எழுதுங்கள், மார்க்கர் பத்து நாளில் போய்விடும். பருப்புப் பொடி அரைக் கிலோ போதும். எவ்வளவு அனுப்பினாலும் முதல் வாரத்தில் தீர்ந்துவிடப் போகிறது.

கேள்வி: மேம், சுவரில் ஆணி அடித்தால் அபராதம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பிளக் பாயின்ட். என்னதான் செய்வது?
- முதலாமாண்டு மாணவி, திருச்சி

பதில்: ஆணி வேண்டாம் கண்ணு, பீரோ ஸ்டீல்தானே? காந்தக் கொக்கி வாங்கி அதன் பக்கவாட்டில் ஒட்டு. சாவி, ஐடி கார்டு, துண்டு தாங்கும். ஈர ஜீன்ஸைப் போட்டால் அப்படியே சறுக்கிக் கீழே வந்துவிடும். ஈரத் துணிக்கு ஜன்னல் கம்பியிலிருந்து கதவுத் தாழ்ப்பாளுக்கு நைலான் கயிறு கட்டலாம், ஆனால் இரவு பாத்ரூம் போகிறவள் கழுத்தில் மாட்டும். கட்டில் சட்டத்தோடு சட்டமாகத் தாழ்வாகக் கட்டு.

பிளக் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. சின்ன பாயின்ட் என்றால் 6 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். செல்போன், லேப்டாப் எல்லாம் சேர்ந்தாலும் அதில் கால்வாசி வராது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று தாராளமாகப் போதும். வாட்டர் ஹீட்டர் ராடு 1500 வாட். போர்வைக்குள் ராடை ஒளித்து வைத்திருந்த ஒரு மகராசி, செமஸ்டர் தேர்வுக்கு முதல் நாள் இரவு அதைப் போட்டு மாடி முழுக்க இருட்டாக்கினாள். மெழுகுவத்தியோடு படியேறிய எனக்கு, ராடு இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவள் அறைத்தோழிகள்தான்.

கேள்வி: விடுதிக் கட்டிலில் மூட்டைப்பூச்சி. மருந்து அடிக்கலாமா?
- மாணவர், மதுரை

பதில்: தூங்குகிற இடத்தில் நீங்களே மருந்து அடிக்காதீர்கள் தம்பி. செல்போன் டார்ச்சை அடித்துக் கட்டில் மூட்டுகளையும் மெத்தைத் தையலையும் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் தெரியும். இரும்புக் கட்டிலை வெளியே தூக்கிப்போய், மூட்டுகளில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றுங்கள். வெந்நீர் படாத இடுக்கில் முட்டை தப்பிவிடும், அதனால் பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. வெந்நீர் மெஸ்ஸில் கேட்டு வாங்குங்கள். ராடு வேண்டாம்!