கரண்டு போனாலும் கணக்கு போகாமல்: எக்செல் கேள்வி பதில்

ரங்கூன், உளுந்து கமிஷன் கடையிலிருந்து: எக்செல்லில் ஆட்டோரெக்கவர் 10 நிமிஷம் என்று இருக்கிறது. நேற்று கரண்டு போனதும் அரை மணி நேர மூட்டைக் கணக்கு காணோம். ஏன்?

ஆட்டோரெக்கவர் உங்கள் ஃபைலைச் சேமிப்பதில்லை அண்ணே. தனியாக ஒரு நகல் எடுத்து வைக்கும். எக்செல் பாதியில் செத்தால் மட்டும் மறுபடி திறக்கும்போது இடது பக்கம் காட்டும். அந்த நகலையும் நீங்கள் தட்டுவதைச் சற்று நிறுத்தும்போதுதான் எடுக்கும். மூட்டை மூட்டையாக விடாமல் அடித்தால் அதற்கு ஏது இடைவெளி? ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் 10-ஐ 2 ஆக்குங்கள். அதே பக்கத்தில் கீழே, இந்த ஒர்க்புக்குக்கு மட்டும் ஆட்டோரெக்கவர் வேண்டாம் என்றொரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் எத்தனை நிமிஷம் வைத்தும் பயனில்லை. கன்ட்ரோல் எஸ் பழக்கத்தையும் விடாதீர்கள்.

தட்டோன்: ஆட்டோசேவ் பொத்தானை ஆன் செய்தால் ஒன்டிரைவ் கேட்கிறதே?

கேட்கத்தான் செய்யும். மாற்றங்களை உடனுக்குடன் தானே சேமிக்கும் அந்த வசதி மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில், ஒன்டிரைவ் அல்லது ஷேர்பாயின்ட் என்ற இணையச் சேமிப்பில் இருக்கும் ஃபைலுக்குத்தான். பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல் என்றால் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக மாற்றுங்கள். நம் ஊரில் கரண்டோடு வைஃபையும் போய்விடுகிறது, அதையும் யோசியுங்கள்.

இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். கோயில் உபயக் கணக்கில் போன வருஷ ஃபைலைத் திறந்து, அதன்மேலேயே இந்த வருஷப் பெயர்களை அடித்தேன். கடைசியில் வேறு பெயரில் வைக்கலாம் என்று நினைப்பு. அதற்குள் ஆட்டோசேவ் பழைய கணக்கின் மேல் எழுதிவிட்டது. ஃபைலின் பழைய நிலைகளை வைத்திருக்கும் வெர்ஷன் ஹிஸ்டரி இருந்ததால் தப்பித்தேன். முதலில் 'சேவ் எ காப்பி', அப்புறம் கை வையுங்கள்.

ரங்கூன், மாணவி: பெயர் வைக்காத ஃபைலுக்கு 'டோன்ட் சேவ்' அழுத்திவிட்டேன் அண்ணா!

ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் ஒர்க்புக், ரெக்கவர் அன்சேவ்டு ஒர்க்புக்ஸ். 4 நாள்தான் வைத்திருக்கும், இன்றே பாரம்மா.

பகோ: 5 நிமிஷத்துக்கொரு முறை சேமிக்க மேக்ரோ எழுதலாமா?

மேக்ரோ என்பது எக்செல்லுக்குள் எழுதி வைக்கும் சிறு நிரல். குறித்த நேரத்தில் அதை ஓட்டும் ஆன்டைம் கட்டளையால் முடியும்; ஃபைல் மேக்ரோ தாங்கும் எக்ஸ்எல்எஸ்எம் வகையில் இருக்க வேண்டும். ஆனால் ஃபைலை மூடும்போது டைமரை நிறுத்தாவிட்டால், எக்செல் ஓடிக்கொண்டிருக்கும்வரை மூடிய ஃபைல் பேய் மாதிரி தானே திறந்துகொள்ளும். தவறாக அழித்த வரிசையும் அப்படியே சேமிப்பில் ஏறிவிடும். எனக்குப் பிடிக்காது.

மோல்மேன்: எங்களிடம் எக்செல் இல்லை, இலவச லிப்ரே ஆபீஸ்தான்.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோடு/சேவ், ஜெனரல். அங்கே ஆட்டோரெக்கவரி நிமிஷத்தைக் குறையுங்கள். எப்போதும் பேக்கப் நகல் எடு என்பதற்கும் அங்கேயே டிக் போடுங்கள். நீங்கள் சேமிக்கும்போதெல்லாம் முந்தைய வடிவம் தனியாக நிற்கும்.